திருகோணமலைக் கவிஞனும் 'எழுத்து' பிரசுரமும்

"எங்கட கவிதைகளைப் புத்தகமாப் போட யார் இருக்கினம்?" எண்டு அன்புவழிபுரத்தில எழுதுற பெடியள் கேக்கிறது புதுக் கேள்வியில்லை.

1939இல் திருகோணமலையில் பிறந்த தருமு சிவராமுவின் (பிற்காலத்தில் பிரமிள்) கவிதைகள் 1960இலிருந்து சென்னை 'எழுத்து' இதழில் வந்தன. அதை 1959 ஜனவரியில் தொடங்கிய சி.சு. செல்லப்பா, 2000 பிரதிக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அறிவித்தவர். யாப்பை விட்ட கவிதையைப் பெரிய பத்திரிகைகள் கண்டுகொள்ளாத காலம் அது. 1962இல் 24 பேரின் 63 கவிதைகளைப் 'புதுக்குரல்கள்' என்று தொகுத்தார். சிவராமுவும் அதில் இருந்தார். தன் பிரசுரப் புத்தகங்களைச் செல்லப்பாவே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார்.

சிவராமுவின் முதல் தனித்தொகுப்பு 'கண்ணாடியுள்ளிருந்து' வர 1972 ஆயிற்று. அதுவும் தமிழ்நாட்டிலதான். பத்து வருசத்துக்கு மேல அவரை வாசகரிடம் கொண்டுபோனது சிற்றிதழும் ஒரு கூட்டுத் தொகுப்பும்தான்.

ஈழத்திலும் இந்த வழி பலித்திருக்கு. 1985இல் யாழ்ப்பாணத்தில் தமிழியல் வெளியிட்ட 'மரணத்துள் வாழ்வோம்' 31 கவிஞர்களின் 82 கவிதைகளைச் சேர்த்தது. போர்க்காலக் குரல்கள் சிதறிப்போகாமல் நிண்டது அப்பிடித்தான்.

இப்ப கடன்பட்டு ஆளுக்கொரு புத்தகம் போட்டுக் கட்டுக்கட்டா வீட்டில அடுக்கிறம். அதுக்கு முதல், சேர்ந்து ஒரு புத்தகம் போடலாம். சுமக்கத்தான் நாலு தோள் வேணும்.