ஏக்கரிலிருந்து ரொக்கத்துக்கு: இந்திய ரியல் எஸ்டேட் பங்குகளின் உள்ளார்ந்த மதிப்பைக் கணித்த வரலாறு

முன்னுரை

2007 ஜூனில் டி.எல்.எஃப். என்ற ரியல் எஸ்டேட் நிறுவனம் பங்கொன்றை 525 ரூபாய் விலையில் வெளியிட்டு, 9,187 கோடி ரூபாய் திரட்டியது. 2008 ஜனவரியில் அப்பங்கின் விலை 1,200 ரூபாயைத் தாண்டியது. 2009 மார்ச்சில் அது 200 ரூபாய்க்கும் கீழே இறங்கிவிட்டது. இந்தப் பதினான்கு மாதங்களில் நிறுவனத்தின் நிலம் எங்கும் போய்விடவில்லை. குர்கானில் இருந்த ஏக்கர்கள் அப்படியேதான் இருந்தன. அவற்றுக்கு விலை வைக்கக் கையாண்ட கணக்கைத்தான் சந்தை நம்ப மறுத்தது.

ரியல் எஸ்டேட் நிறுவனப் பங்கின் உள்ளார்ந்த மதிப்பை எதைக் கொண்டு அளப்பது என்ற கேள்விக்கு இந்தியச் சந்தை கடந்த இருபது ஆண்டுகளில் மூன்று விடைகளைத் தந்திருக்கிறது. முதலில் நிலப்பரப்பு, அடுத்துக் கணக்கேட்டு லாபம், இப்போது வசூலாகும் ரொக்கம். சந்தைச் சரிவும் புதிய சட்டங்களும் கணக்கியல் விதிகளும் இந்த மாற்றங்களைத் தூண்டின. அவற்றின் தடத்தைப் பின்தொடரும் இக்கட்டுரை, நிலத்தின் பரப்பைவிட அது விற்றுத் தீரும் வேகமே பங்கின் மதிப்பைத் தீர்மானிக்கிறது என்று வாதிடுகிறது.

1. கோட்பாட்டுப் பின்னணி

எதிர்கால வருமானத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கணக்கிடும் முறையை நிலத்துக்கு முதலில் முறையாகப் பொருத்தியவர்களில் ஒருவர் ஜெர்மானிய வனவியலாளர் மார்ட்டின் ஃபாஸ்ட்மன். மரம் வளர்ந்து வெட்டுக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆகும். அந்தக் காத்திருப்பைக் கழித்த பிறகே வனநிலத்தின் மதிப்பைச் சொல்ல முடியும் என்று 1849-இல் அவர் நிறுவினார். பங்குகளைப் பொறுத்தவரை பெஞ்சமின் கிரகாமும் டேவிட் டாடும் 1934-இல் வெளியிட்ட நூல், சந்தை விலையிலிருந்து வேறுபட்ட உள்ளார்ந்த மதிப்பு என்ற கருத்தைப் பரவலாக்கியது. 1938-இல் ஜான் பர் வில்லியம்ஸ், ஒரு பங்கின் மதிப்பு அது இனி தரப்போகும் பங்காதாயங்களின் இன்றைய மதிப்பே என்று வரையறுத்தார்.

கோட்பாடு தெளிவாக இருந்தும் நடைமுறை வழிதவறியதற்கு ஜப்பான் சான்று. 1980-களின் பிற்பகுதியில் டோக்கியோ சந்தையின் உயர்ந்த பங்கு விலைகளை நியாயப்படுத்த, நிறுவனங்களின் கையிலிருந்த நிலத்தின் சந்தை மதிப்பைப் பங்கு விலையோடு ஒப்பிடும் 'கியூ விகிதம்' பயன்பட்டது. நிலம் ஏறியதால் பங்கு ஏறியது. ஏறிய பங்கை அடமானம் வைத்து மேலும் நிலம் வாங்கப்பட்டது. நிக்கேய் குறியீடு 1989 டிசம்பரில் 38,915 புள்ளிகளைத் தொட்டுவிட்டுச் சரிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் நிலத்தின் விலையும் அதே வழியில் போயிற்று. இந்தப் பாடம் கிடைத்துப் பதினைந்து ஆண்டுகள் கழிந்த நிலையில்தான் இந்திய ரியல் எஸ்டேட் நிறுவனங்கள் வரிசையாகப் பங்குச் சந்தைக்கு வந்தன.

2. நில இருப்பின் காலம்: 2005–2008

1976-ஆம் ஆண்டின் நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் பெரும் பரப்பில் நகர நிலம் ஒரே கையில் சேர்வதைத் தடுத்திருந்தது. 1999-இல் மத்திய அரசு அதை நீக்கியது. அதே ஆண்டில் தமிழ்நாடும் தன் 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தை விலக்கிக்கொண்டது. 2005-இல் கட்டுமான வளர்ச்சித் துறையில் 100 சதவீத அந்நிய நேரடி முதலீடு அனுமதிக்கப்பட்டது. வெளிநாட்டுப் பணம் வரத் தொடங்கியதும் ஷோபா, பார்ஸ்வநாத், ஹெச்.டி.ஐ.எல்., ஒமாக்ஸ், புரவங்கரா என ஒன்றன்பின் ஒன்றாகப் பங்கு வெளியீடுகள் வந்தன.

இவற்றுக்கு விலை வைக்கப் பெரிய லாப வரலாறு இல்லை. எனவே நில இருப்பை அடிப்படையாகக் கொண்ட நிகர சொத்து மதிப்பு அளவுகோலாயிற்று. கையிலுள்ள நிலத்தில் எத்தனை சதுர அடி கட்டலாம் என்று கணக்கிட்டு, அதை எதிர்பார்க்கும் லாபத்தால் பெருக்கி, கடனைக் கழித்து, பங்குகளின் எண்ணிக்கையால் வகுப்பது அதன் சாரம். டி.எல்.எஃப். தன் வெளியீட்டின்போது 10,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நில இருப்பைக் காட்டியது.

இந்த முறையில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. முதலாவது, உரிமை பற்றியது. அக்கால வெளியீட்டு ஆவணங்களில் 'நில இருப்பு' என்ற தலைப்பின் கீழ் கிரையம் முடிந்த நிலத்தோடு, முன்பணம் மட்டும் கொடுத்த நிலமும், வளர்ச்சி உரிமை மட்டும் பெற்ற நிலமும் சேர்ந்தே இருந்தன. ஒரு மனை வாங்கவே முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று கேட்கும் நம் நாட்டில், ஆயிரக்கணக்கான ஏக்கர்கள் ஒரே அட்டவணையின் கூட்டுத்தொகையாக ஏற்றுக்கொள்ளப்பட்டன. இரண்டாவது, காலம் பற்றியது. அத்தனை நிலமும் விற்றுத் தீர எத்தனை ஆண்டு ஆகும் என்ற கேள்வி நம்பிக்கை மிகுந்த அனுமானங்களால் மூடப்பட்டது.

3. காலத்தின் எடை: ஒரு கணக்கு

இரண்டாவது ஓட்டை எவ்வளவு பெரியது என்பதை ஒரு கற்பனை நிறுவனத்தைக் கொண்டு காட்டலாம். அதனிடம் 50 கோடி சதுர அடி கட்டத் தகுந்த நிலம் இருக்கிறது. சதுர அடிக்கு லாபம் 1,000 ரூபாய், கடன் 5,000 கோடி, பங்குகள் 100 கோடி. காலத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால் மொத்த லாபம் 50,000 கோடி. கடன் போக ஒரு பங்குக்கு 450 ரூபாய்.

இப்போது அந்நிறுவனம் ஆண்டுக்கு 1.25 கோடி சதுர அடிதான் விற்க முடியும் என்று கொள்வோம். தீர 40 ஆண்டுகள் ஆகும். எதிர்கால லாபத்தை ஆண்டுக்கு 12 சதவீதக் கழிவு விகிதத்தில் குறைத்தால், அதன் இன்றைய மதிப்பு சுமார் 10,300 கோடி. கடன் போக ஒரு பங்குக்கு 53 ரூபாய்தான் மிஞ்சுகிறது. 'நிலத்தின் விலை ஏறுமே' என்பது வழக்கமான மறுப்பு. சதுர அடி லாபம் ஆண்டுக்கு 5 சதவீதம் கூடிக்கொண்டே போவதாக வைத்துக்கொண்டாலும் பங்கின் மதிப்பு 123 ரூபாயைத் தாண்டாது. ஆனால், லாபம் ஏறவே இல்லாமல் விற்பனை வேகம் மட்டும் இரட்டித்து 20 ஆண்டில் நிலம் தீர்ந்தால், மதிப்பு 137 ரூபாய் ஆகிறது. நாற்பது ஆண்டுகள் இடைவிடாது லாபம் ஏறுவதைவிட, விற்கும் வேகம் இரட்டிப்பது பங்குதாரருக்கு அதிகம் தருகிறது.

கடனின் பங்கும் இங்கே தெரிகிறது. மொத்த மதிப்பு 50,000 கோடியிலிருந்து 10,300 கோடியாக, அதாவது ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாகக் குறைந்தபோது, பங்கின் மதிப்பு எட்டில் ஒன்றாகச் சுருங்கியது. சொத்து மதிப்பு எப்படி ஆடினாலும் கடன் மாறாமல் நிற்பதால், ஆட்டம் முழுவதையும் பங்கே சுமக்கிறது. 2008-இல் நடந்தது இதுதான். செப்டம்பரில் அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் வீழ்ந்து கடன் சந்தை உறைந்தபோது, விற்பனை வேகம் குறைந்தது, கழிவு விகிதம் கூடியது, கடன் அப்படியே நின்றது. அதற்கு முன்பே, 2008 பிப்ரவரியில், எமார் எம்.ஜி.எஃப். என்ற கட்டுமான நிறுவனம் போதிய வரவேற்பின்றித் தன் பங்கு வெளியீட்டைத் திரும்பப் பெற்றிருந்தது.

4. கணக்கேட்டு லாபம்: 2008–2018

ஏக்கர் கணக்கில் நம்பிக்கை போனதும் ஆய்வாளர்கள் லாபத்தின் பக்கம் திரும்பினர். ஆனால் கட்டுமான நிறுவனத்தின் லாபம் எப்போது லாபமாகிறது? அன்றைய விதிப்படி, பணி எந்த அளவு முடிந்ததோ அந்த அளவுக்கு வருவாயைக் கணக்கில் காட்டலாம். வாங்கியவரிடமிருந்து பணம் வருமுன்பே லாபம் ஏட்டில் ஏறிவிட முடிந்தது.

டி.எல்.எஃப். நிறுவனமே இதற்கு எடுத்துக்காட்டு. 2007, 2008-ஆம் ஆண்டுகளில் அதன் வருவாயில் கணிசமான பங்கு, டி.எல்.எஃப். அசெட்ஸ் என்ற நிறுவனத்துக்கு வணிகக் கட்டடங்களை விற்றதில் வந்தது. அதுவோ டி.எல்.எஃப். நிறுவனர் குடும்பத்துக்குச் சொந்தமானது. விற்பனை ஏட்டில் இருந்தது. பெரும் தொகை வரவேண்டிய பாக்கியாக நின்றது. லாபத்தைப் பத்தாலோ இருபதாலோ பெருக்கிப் பங்கு மதிப்பைச் சொன்னவர்களுக்கு இந்தப் பாக்கி கணக்கில் படவில்லை.

இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் 2012-இல் வழிகாட்டுதலை இறுக்கியது. முக்கிய அனுமதிகள் கிடைத்திருக்க வேண்டும். நிலத்தின் விலையைச் சேர்க்காமல் கட்டுமானச் செலவில் 25 சதவீதம் ஆகியிருக்க வேண்டும். பரப்பில் 25 சதவீதம் ஒப்பந்தமாகியிருக்க வேண்டும். ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதம் வசூலாகியிருக்க வேண்டும். இவை நிறைவேறிய பிறகே வருவாயைக் காட்டலாம். 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இந்தியக் கணக்கியல் தரநிலை 115 இன்னும் மேலே போனது. பெரும்பாலான குடியிருப்புத் திட்டங்களில் வீட்டை ஒப்படைக்கும் கட்டத்தில்தான் வருவாய் பதிவாகும் நிலை வந்தது.

இதனால் பழைய குறை தீர்ந்து, புதிய குறை ஒன்று முளைத்தது. இன்று ஏட்டில் தெரியும் லாபம் மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு முன் விற்ற வீடுகளுடையது. 2024–25 நிதியாண்டில் டி.எல்.எஃப். சுமார் 21,000 கோடி ரூபாய்க்குப் புதிய முன்பதிவுகளைப் பெற்றது. அதே ஆண்டில் அது காட்டிய வருவாய் சுமார் 8,000 கோடிதான். முன்பு லாபம் முந்திக்கொண்டு வந்தது. இப்போது பிந்தி வருகிறது. இரண்டு நிலையிலும் லாப விகிதத்தை மட்டும் வைத்து இப்பங்கை மதிப்பிடுவது தவறான விடையையே தரும்.

5. சட்டம் கொண்டுவந்த ரொக்கக் கணக்கு

2016-இல் நிறைவேறி, 2017 மே 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் (ரெரா) மதிப்பீட்டின் அடித்தளத்தையே மாற்றியது. வாங்குபவர்களிடம் பெறும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும்; பொறியாளர், கட்டடக் கலைஞர், பட்டயக் கணக்காளர் மூவரும் சான்றளித்த பணி அளவுக்கே அதிலிருந்து எடுக்கலாம். பதிவு செய்யாத திட்டத்தை விளம்பரப்படுத்தவும் முடியாது.

அதுவரை வாங்குபவரின் முன்பணம் கட்டுமான நிறுவனத்துக்கு வட்டியில்லா மூலதனமாக இருந்தது. ஒரு திட்டத்தின் பணம் அடுத்த திட்டத்துக்கு நிலம் வாங்கப் போனது. அந்தச் சங்கிலி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை யூனிடெக் என்ற கட்டுமான நிறுவனம் காட்டியது. 2008 ஜனவரியில் 500 ரூபாயைத் தாண்டிய அதன் பங்கு, பின்னாளில் சில்லறைக் காசுக்கு விலைபோனது. 2020-இல் உச்ச நீதிமன்ற அனுமதியோடு, மத்திய அரசு நியமித்த இயக்குநர் குழு அதன் நிர்வாகத்தை ஏற்றது. 2018 செப்டம்பரில் ஐ.எல்.&எஃப்.எஸ். நிதி நிறுவனத்தின் நெருக்கடிக்குப் பின் வங்கிசாரா நிதி நிறுவனங்களின் கடனும் வற்றியதால், பலவீனமான நிறுவனங்கள் பல களத்தைவிட்டு விலகின. நிலத்தைச் சேர்த்து வைப்பது பலம் என்ற எண்ணம் மாறி, நில உரிமையாளரோடு கூட்டு ஒப்பந்தம் போட்டு விரைவாகக் கட்டி விற்பதே சிறந்த வழி என்ற நிலை உருவானது.

வாடகைச் சொத்துகளுக்கும் ஒரு பொது அளவுகோல் கிடைத்தது. பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி, வாடகைக் கட்டடங்களில் முதலீடு செய்து சந்தையில் பட்டியலாகும் ரீட் அறக்கட்டளைகளுக்கான விதிகளை 2014-இல் வெளியிட்டது. நாட்டின் முதல் ரீட்டான எம்பசி ஆபீஸ் பார்க்ஸ் 2019 ஏப்ரலில் பட்டியலானது. ரீட்டின் சொத்து மதிப்பில் குறைந்தது 80 சதவீதம் கட்டி முடித்து வாடகை ஈட்டுவதாக இருக்க வேண்டும். பகிர்வதற்குரிய நிகர ரொக்கத்தில் 90 சதவீதத்தைப் பகிர வேண்டும். அலுவலகக் கட்டடத்துக்குச் சந்தை என்ன விலை தருகிறது என்பது அன்றாடம் கண்ணுக்குத் தெரியும் எண்ணாயிற்று.

6. இன்றைய முறை

இப்போது வழக்கிலிருக்கும் முறை, நிறுவனத்தை மூன்றாகப் பிரித்து மதிப்பிட்டுக் கூட்டுவது. வாடகைக் கட்டடங்களுக்கு, நிகர வாடகையை மூலதனமாக்க விகிதத்தால், அதாவது சொத்து விலையில் ஆண்டு வாடகை எத்தனை சதவீதமோ அதனால், வகுக்க வேண்டும். 100 கோடி வாடகை 8 சதவீதத்தில் 1,250 கோடி. 9 சதவீதத்தில் 1,111 கோடி. விற்பனைக்கு வந்துவிட்ட திட்டங்களில், இனி வசூலாகும் தொகையிலிருந்து மீதிக் கட்டுமானச் செலவையும் வரியையும் கழிக்க வேண்டும். தொடங்காத நிலத்தை, கடந்த ஐந்து ஆண்டுகளில் நிரூபிக்கப்பட்ட விற்பனை வேகத்தை வைத்து, மேலே கண்டபடி காலத்தால் கழிக்க வேண்டும். மூன்றின் கூட்டுத்தொகையிலிருந்து நிகரக் கடன் போக மிஞ்சுவதே பங்குதாரருடையது.

பிரித்துப் பார்க்காவிட்டால் என்ன தவறும் என்பதற்கும் டி.எல்.எஃப். உதாரணம். அதன் வாடகைச் சொத்துகளில் பெரும்பகுதி டி.எல்.எஃப். சைபர் சிட்டி டெவலப்பர்ஸ் என்ற கூட்டு நிறுவனத்தில் இருக்கிறது. சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனமான ஜி.ஐ.சி. அதில் மூன்றில் ஒரு பங்கை வைத்திருக்கிறது. இந்தக் கூட்டு நிறுவனத்தின் வாடகை டி.எல்.எஃப்.-இன் ஒருங்கிணைந்த வருவாயில் வராது. லாபத்தில் அதற்குரிய பங்கு மட்டும் ஒரே வரியில் சேரும். வருவாயை மட்டும் படிப்பவருக்கு இந்தச் சொத்து இருப்பதே தெரியாது.

முடிவுரை

2005-க்குப் பின் அளவுகோல் மாறிய ஒவ்வொரு முறையும், முதலீட்டாளர்கள் முந்தையதை நம்பிப் பணம் இழந்த பிறகே அது நடந்தது. ரொக்கக் கணக்கும் குறையற்றதன்று. முன்பதிவு என்பது வசூல் ஆகாது. சூடான சந்தையில் பதிவான விற்பனை வேகத்தை நிரந்தரம் என்று கொண்டால் 2007-இன் பிழையே வேறு வேடத்தில் திரும்பும். எனவே ரியல் எஸ்டேட் பங்கு வாங்க நினைப்பவர் ஆண்டறிக்கையில் மூன்று எண்களை முதலில் தேட வேண்டும்: ஆண்டு வசூல், நிகரக் கடன், இன்றைய வேகத்தில் நிலம் தீர ஆகும் ஆண்டுகள். இந்த மூன்றையும் தெளிவாகச் சொல்லாத நிறுவனத்தின் பங்கு, எந்த விலையிலும் மலிவு என்று சொல்லத் தக்கதன்று. 2008-இல் 525 ரூபாய்க்குக் கீழே போன டி.எல்.எஃப். பங்கு, அந்த வெளியீட்டு விலையை மீண்டும் தாண்டியது 2023-இல்தான்.