கணினியில் வாட்ஸ்அப் இணைப்பு அடிக்கடி அறுபடுகிறதா? பழுது எங்கே என்று கண்டறியும் முறை

அலுவலகக் கணினியிலிருந்து வாடிக்கையாளர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியல் அனுப்பப்படுகிறது. அனுப்பியவர் அடுத்த வேலையில் மூழ்கிவிடுகிறார். ஒரு மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது, செய்தியின் ஓரத்தில் சரிக்குறிக்குப் பதிலாகச் சிறிய கடிகாரக் குறி தெரிகிறது. விலைப்பட்டியல் கணினியை விட்டு வெளியே செல்லவே இல்லை என்பதே அதன் பொருள்.

இத்தகைய நேரங்களில் பலரும் உடனே செய்வது, செயலியை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுவதாகும். பெரும்பாலும் அது பயன் தருவதில்லை. வைஃபையில் உள்ள குறை செயலியை நீக்குவதால் தீராது. மாறாக, அனுப்பப்படாமல் நின்ற செய்திகளும் அதோடு அழிந்துவிடக்கூடும். எனவே, பழுது எங்கே என்று முதலில் கண்டறிந்து, பிறகே அதற்குரிய தீர்வை நாட வேண்டும்.

இணைப்பு எவ்வாறு நிலைத்திருக்கிறது?

செய்தி இணையதளம் ஒன்றைத் திறக்கும்போது, பக்கம் வந்து சேர்ந்ததும் இணைப்பின் வேலை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. உரையாடல் செயலிகள் அவ்வாறு இயங்குவதில்லை. புதிய செய்தி எந்த நொடியிலும் வரக்கூடும் என்பதால், கணினிக்கும் நிறுவனத்தின் சர்வருக்கும் இடையே ஓர் இணைப்பு இடைவிடாமல் திறந்தே இருக்க வேண்டும். அது உயிரோடு இருக்கிறதா என்பதை அறிய, இரு தரப்பும் அவ்வப்போது சிறிய தகவல் துணுக்குகளைப் பரிமாறிக்கொள்கின்றன.

இந்த இணைப்பு வீட்டிலுள்ள ரூட்டர், இணையச் சேவை நிறுவனத்தின் கருவிகள் ஆகியவற்றைக் கடந்தே சர்வரை அடைகிறது. உலகில் பழைய முறையிலான இணைய முகவரிகள் சுமார் 430 கோடி மட்டுமே உள்ளன. ஆகையால், ஒரே முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்ளும் முறையைப் பல சேவை நிறுவனங்கள் கையாள்கின்றன. யாருடைய இணைப்பு எது என்பதை இந்தக் கருவிகள் ஓர் அட்டவணையில் குறித்து வைக்கின்றன. நீண்ட நேரம் பேச்சற்று இருக்கும் இணைப்பு அந்த அட்டவணையிலிருந்து நீக்கப்பட்டுவிடும்.

இவ்வாறு நீக்குவதற்கு முன் குறைந்தது 2 மணி 4 நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று இணையப் பொறியியல் பணிக்குழு 2008-ல் பரிந்துரைத்தது. ஆனால், எல்லாக் கருவிகளும் அதைப் பின்பற்றுவதில்லை. அட்டவணையிலிருந்து நீக்கப்பட்டது கணினிக்கும் தெரியாது, சர்வருக்கும் தெரியாது. அடுத்த செய்தியை அனுப்ப முயலும்போதோ, உயிர்ப்பைச் சோதிக்கும் துணுக்குக்குப் பதில் வராதபோதோதான் துண்டிப்பு வெளிப்படுகிறது. திரையில் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றியும் செய்தி நகராமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

துண்டிப்பு வேறு, வெளியேற்றம் வேறு

உரையாடல் பட்டியல் திரையில் இருக்க, இணைப்பு இல்லை என்ற அறிவிப்பு மட்டும் தோன்றினால் அது துண்டிப்பு. உரையாடல்கள் மறைந்து, க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யுமாறு திரை கேட்டால் அது வெளியேற்றம். முன்னதற்கு நெட்வொர்க்கைப் பார்க்க வேண்டும். பின்னதற்குச் செல்போனில் உள்ள 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பட்டியலைப் பார்க்க வேண்டும்.

செல்போன் அருகிலேயே இருக்க வேண்டும், அதில் இணையம் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்ற அறிவுரை இன்றும் பரவலாகக் கூறப்படுகிறது. அது பழைய முறைக்குரியது. 2021 ஜூலையில் சோதனை அளவில் அறிமுகமாகி, பின்னர் அனைவருக்கும் விரிவுபடுத்தப்பட்ட பல்சாதன முறையில், செல்போன் அணைந்திருந்தாலும் கணினியில் வாட்ஸ்அப் இயங்கும். செல்போன் தவிர 4 சாதனங்கள் வரை இணைக்கலாம். ஆனால், செல்போனில் 14 நாட்களுக்கு மேல் வாட்ஸ்அப்பைப் பயன்படுத்தாமல் இருந்தால், இணைந்த சாதனங்கள் அனைத்தும் வெளியேற்றப்படும்.

இதனுடன் மற்றொன்றையும் கருத்தில் கொள்ள வேண்டும். மத்திய தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பர் 28-ல் உரையாடல் செயலிகளுக்கு ஓர் உத்தரவு பிறப்பித்தது. பதிவு செய்த சிம் கார்டு செல்போனில் இருந்தால் மட்டுமே செயலி இயங்க வேண்டும் என்றும், இணையவழிப் பதிப்பிலிருந்து பயனர் 6 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது தானாக வெளியேற்றப்பட்டு, க்யூஆர் குறியீடு வழியாக மீண்டும் இணைய வேண்டும் என்றும் அதில் கூறப்பட்டது. இணையக் குற்றங்களைத் தடுப்பதே அதன் நோக்கம் எனத் தெரிவிக்கப்பட்டது. இந்த விதியைப் பின்பற்றி இயங்கும் செயலியில் குறித்த நேரத்துக்கு ஒருமுறை நிகழும் வெளியேற்றம் பழுதாகாது. அதற்காக ரூட்டரையோ கணினியையோ மாற்ற வேண்டியதில்லை.

நான்கு சோதனைகள்

துண்டிப்புதான் என்று உறுதியானால், பின்வரும் நான்கு சோதனைகளை இதே வரிசையில் செய்தால் பழுதின் இடம் பெரும்பாலும் புலப்பட்டுவிடும்.

1. செல்போனில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் வாட்ஸ்அப் செய்தி ஒன்றை அனுப்பிப் பார்க்க வேண்டும். பிற இணையதளங்கள் திறந்தும் இச்செய்தி மட்டும் செல்லவில்லை என்றால், குறை நிறுவனத்தின் சர்வரில் இருக்க வாய்ப்பு அதிகம்.

2. கணினியின் பிரவுசரில் அன்றுவரை திறக்காத இணையதளம் ஒன்றைத் திறக்க வேண்டும். அது வரவில்லை என்றால், குறை வைஃபையிலோ இணையச் சேவையிலோ உள்ளது.

3. இணையதளம் திறந்தால், அதே பிரவுசரில் வாட்ஸ்அப்பின் இணையவழிப் பதிப்பை இணைத்துப் பார்க்க வேண்டும். பிரவுசரில் சீராக இயங்கி, செயலியில் மட்டும் துண்டிக்கப்பட்டால், குறை கணினியிலுள்ள செயலியில் இருக்கிறது. இந்த இணைப்பும் 4 சாதனங்களில் ஒன்றாகக் கணக்கிடப்படும் என்பதால், சோதனை முடிந்ததும் அதைத் துண்டித்துவிடலாம்.

4. இரண்டிலும் துண்டிப்பு தொடர்ந்தால், செல்போனின் ஹாட்ஸ்பாட்டுடன் கணினியை இணைக்க வேண்டும். அப்போது சரியாக இயங்கினால், குறை ரூட்டரிலோ அலுவலக நெட்வொர்க்கின் கட்டுப்பாடுகளிலோ உள்ளது. அப்போதும் அறுபட்டால், கணினியின் அமைப்புகளைப் பார்க்க வேண்டும்.

சில துண்டிப்புகள் விட்டுவிட்டு நிகழ்வதால் சோதனையில் சிக்குவதில்லை. அவ்வாறெனில், ஒரு நாள் முழுவதும் துண்டிப்பு நிகழும் நேரங்களைக் குறித்து வைப்பது உதவும். கணினியைச் சிறிது நேரம் தொடாதபோது மட்டும் நிகழ்ந்தால் மின்சேமிப்பு அமைப்பையும், குறிப்பிட்ட அறையில் மட்டும் நிகழ்ந்தால் வைஃபை அலையின் வலிமையையும், அலுவலகத்தில் மட்டும் நிகழ்ந்தால் ஃபயர்வாலையும் ஐயுறலாம்.

சர்வரில் குறை என்றால்

2021 அக்டோபர் 4-ம் தேதி இந்திய நேரப்படி இரவு 9 மணியளவில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் ஆகிய மூன்றும் முடங்கின. பராமரிப்புப் பணியின்போது பிறப்பிக்கப்பட்ட ஒரு கட்டளை, நிறுவனத்தின் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையமைப்பைத் துண்டித்ததே காரணம். சேவை திரும்ப சுமார் 6 மணி நேரம் ஆனது. 2022 அக்டோபர் 25-ம் தேதி, தீபாவளிக்கு மறுநாள் நண்பகலில், வாட்ஸ்அப் ஏறத்தாழ 2 மணி நேரம் முடங்கியது. 2025 அக்டோபர் 20-ல் அமேசான் நிறுவனத்தின் கிளவுட் சேவையில் ஏற்பட்ட கோளாறால் சிக்னல் செயலி பாதிக்கப்பட்டது.

இத்தகைய வேளைகளில் பயனர் செய்யக்கூடியது காத்திருப்பது மட்டுமே. குறிப்பாக, செயலியிலிருந்து வெளியேறக் கூடாது. சர்வர் முடங்கியிருக்கும்போது மீண்டும் இணைவதும் இயலாமல் போகும். பிறர் அனுப்பிய செய்திகள் குறித்து அஞ்ச வேண்டியதில்லை. சேர்ப்பிக்கப்படாத செய்திகள் குறியாக்கம் செய்யப்பட்ட நிலையில் 30 நாட்கள் வரை சர்வரில் வைக்கப்படும் என்று வாட்ஸ்அப்பின் தனியுரிமைக் கொள்கை கூறுகிறது.

வைஃபையும் ரூட்டரும்

ரூட்டரை அணைத்து, அரை நிமிடம் கழித்து மீண்டும் இயக்குவது எளிய தீர்வு. தேங்கிப்போன இணைப்பு அட்டவணை அதனால் புதிதாகத் தொடங்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அண்டை வீட்டு ரூட்டர்கள், புளூடூத் கருவிகள், மைக்ரோவேவ் அடுப்பு ஆகியவற்றின் குறுக்கீடு இருக்கும். கணினி அருகிலேயே இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறலாம். ஆனால், அது சுவர்களைத் தாண்டும்போது விரைவில் வலுவிழக்கும். ரூட்டரிலிருந்து கேபிள் வழியாகக் கணினியை இணைத்ததும் துண்டிப்பு நின்றுவிட்டால், குறை வைஃபையில்தான் என்பது உறுதியாகிவிடும்.

மின்சேமிப்பும் உறக்கநிலையும்

மடிக்கணினி உறக்கநிலைக்குச் செல்லும்போது வைஃபை இணைப்பு அறுபடுவது இயல்பு. விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் என்ற வரிசையில் சென்று, எவ்வளவு நேரம் கழித்து உறங்க வேண்டும் என்பதை மாற்றலாம். கணினி விழித்திருக்கும்போதே துண்டிப்பு நிகழ்ந்தால், டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரைத் தேர்ந்தெடுத்து, 'பவர் மேனேஜ்மென்ட்' பகுதியைத் திறக்க வேண்டும். மின்சாரத்தைச் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைத்துக்கொள்ளக் கணினிக்கு அனுமதி அளிக்கும் தேர்வை அங்கு நீக்கிவிடலாம். சில மடிக்கணினிகளில் இந்தப் பகுதி இடம்பெறாது. பேட்டரியைச் சேமிக்கும் முறை இயக்கத்தில் இருந்தால், அதையும் அணைத்துப் பார்க்கலாம்.

விபிஎன், ஃபயர்வால், கடிகாரம்

விபிஎன் சேவை வழிமாறும் ஒவ்வொரு முறையும் பழைய இணைப்பு அறுந்து புதிது உருவாக வேண்டியிருக்கும். அதைச் சிறிது நேரம் அணைத்துச் சோதிக்கலாம். அலுவலகக் கணினியாயின், விபிஎன்னையோ பாதுகாப்பு மென்பொருளையோ பணியாளர் தாமாக அணைப்பது முறையன்று. தகவல் தொழில்நுட்பப் பிரிவிடம் தெரிவிப்பதே சரி. நான்கு சோதனைகளின் முடிவுகளையும் துண்டிப்பு நிகழ்ந்த நேரங்களையும் சேர்த்துச் சொன்னால், அவர்களுக்குப் பாதி வேலை குறையும்.

கணினியின் தேதியும் நேரமும் தவறாக இருப்பது எளிதில் கவனத்துக்கு வராத காரணம். பாதுகாப்பான இணைப்பு உருவாகும்போது சர்வரின் சான்றிதழ் காலாவதியாகிவிட்டதா என்று கணினி சரிபார்க்கும். கடிகாரம் ஓராண்டு பின்தங்கியிருந்தால், செல்லுபடியாகும் சான்றிதழும் செல்லாததாகத் தோன்றும். பழைய மேசைக் கணினிகளில், மதர்போர்டில் உள்ள சிறிய பேட்டரி தீர்ந்துபோனால் இவ்வாறு நேரும்.

மீண்டும் நிறுவுவது கடைசி வழி

குறை செயலியில்தான் என்று தெரிந்த பிறகும், முதலில் அதை முழுமையாக மூடித் திறக்க வேண்டும். அடுத்து, புதிய பதிப்புக்குப் புதுப்பிக்க வேண்டும். அதன் பிறகு, விண்டோஸ் செட்டிங்ஸில் நிறுவப்பட்ட செயலிகளின் பட்டியலுக்குச் சென்று, 'ரிப்பேர்' தேர்வு இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். இவை பலனளிக்காதபோதுதான் செயலியை நீக்கி மீண்டும் நிறுவ வேண்டும்.

அதற்கு முன் இரண்டு பணிகள் அவசியம். கடிகாரக் குறியுடன் நிற்கும் செய்திகளை நகலெடுத்து வேறிடத்தில் வைக்க வேண்டும். செல்போனில் உரையாடல்கள் முழுமையாக உள்ளனவா, அவற்றின் காப்புப் பிரதி அண்மையில் எடுக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். விண்டோஸின் 'நெட்வொர்க் ரீசெட்' தேர்வை அவசரப்பட்டு அழுத்தக் கூடாது. சேமித்து வைத்த வைஃபை கடவுச்சொற்கள் அதனால் அழிந்துபோகும். விபிஎன் மென்பொருளையும் மீண்டும் அமைக்க வேண்டியிருக்கலாம்.

மோசடிக்கு இடம் தரலாகாது

இணைப்பு அறுபட்ட பதற்றத்தில், வாடிக்கையாளர் சேவை எண் என்று இணையத் தேடலில் கிடைக்கும் ஏதோ ஓர் எண்ணை அழைப்பது ஆபத்தானது. மறுமுனையில் இருப்பவர் கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் செயலியை நிறுவச் சொன்னாலோ, 6 இலக்கச் சரிபார்ப்பு எண்ணைக் கேட்டாலோ உடனே அழைப்பைத் துண்டித்துவிட வேண்டும். மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ வந்த க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்வது, பயனரின் கணக்கை வேறொருவரின் கணினியுடன் இணைத்துவிடக்கூடும். மீண்டும் இணையும் ஒவ்வொரு முறையும் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பட்டியலைப் பார்த்து, அறிமுகமில்லாத சாதனம் இருந்தால் நீக்கிவிட வேண்டும். பணம் பறிபோயிருந்தால், தேசிய இணையக் குற்ற உதவி எண் 1930-ஐ உடனடியாக அழைத்துப் புகார் அளிக்கலாம்.

கடிகாரக் குறி இருக்கும்வரை செய்தி கணினியிலேயே நிற்கிறது. ஒற்றைச் சரிக்குறி வந்தால் சர்வரை அடைந்துவிட்டது. இரட்டைச் சரிக்குறி வந்தால் பெறுநரின் சாதனத்தை அடைந்துவிட்டது. ஒப்பந்தப்புள்ளி, கட்டண விவரம், மருத்துவ அறிக்கை போன்றவற்றைக் கணினியிலிருந்து அனுப்புவோர், உரையாடலை மூடும் முன் சரிக்குறி வந்துவிட்டதா என்று பார்ப்பது நல்லது. வரவில்லை என்றால், அதே செய்தியைச் செல்போனிலிருந்து மொபைல் டேட்டா வழியாக அனுப்பிவிட்டு, பழுதுநீக்கத்தை நிதானமாகத் தொடங்கலாம்.