கிரீன் பில்டிங் துறையில் வேலை வேண்டுமா? என்ன படிக்கலாம், எதை முதலில் கற்கலாம்? - ஒரு வழிகாட்டி

அடுக்குமாடி விளம்பரங்களில் நீச்சல்குளம், ஜிம் வரிசையில் இப்போது 'கிரீன் பில்டிங்' என்ற வார்த்தையும் சேர்ந்துவிட்டது. லிஃப்ட் பக்கத்தில் ஒரு சான்றிதழ் பலகை, மொட்டைமாடியில் நாலு சோலார் பேனல். பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனால், அந்தக் கட்டடத்துக்கு எவ்வளவு சிமென்ட் போனது, எத்தனை லாரி தண்ணீர் போனது, மே மாத மதியத்தில் மேற்குப் பக்க ரூமில் உட்கார முடியுமா என்பதெல்லாம் சைட்டில் முடிவாகிற விஷயங்கள். அங்கே நின்று வருகிற லோடை எண்ணி, அளந்து, எழுதிவைக்கிற ஒருவர் இருந்தால்தான் அந்தப் பலகைக்கு அர்த்தம்.

அந்த ஒருவராக ஆவதுதான் பசுமைக் கட்டுமான மேலாண்மை. இதற்கு என்ன படிப்பது, எந்தச் சான்றிதழ் எடுப்பது, எதற்குப் பணம் செலவழிப்பது என்று குழப்பத்தில் இருக்கிறீர்களா? சிவில் டிப்ளமோ முடித்தவர், பி.இ. கடைசி வருஷத்தில் இருப்பவர், ஏற்கெனவே சைட் இன்ஜினீயராக இருப்பவர் எல்லோருக்கும் பயன்படும்படி இங்கே தொகுத்திருக்கிறோம்.

இது என்ன வேலை?

சாதாரண கட்டுமான மேலாளரிடம் மூன்று கேள்விகள் இருக்கும். எப்போ முடியும், எவ்வளவு செலவாகும், தரம் சரியா? பசுமைக் கட்டுமான மேலாளரிடம் கூடுதலாக நான்கு கேள்விகள் இருக்கும். எவ்வளவு கார்பன், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு கழிவு, குடியேறிய பிறகு எவ்வளவு மின்சாரம்?

உதாரணத்துக்கு சிமென்ட்டை எடுத்துக்கொள்வோம். உலகின் மொத்த கார்பன் டை ஆக்ஸைடு வெளியேற்றத்தில் 7 முதல் 8 சதவிகிதம் சிமென்ட் தயாரிப்பிலிருந்துதான் வருகிறது. 50 கிலோ ஓ.பி.சி. மூட்டை ஒன்றைத் தயாரிக்க, தோராயமாக 40 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு காற்றில் கலக்கிறது. ஒரு சைட்டில் 1,000 மூட்டை இறங்குகிறது, அதில் 3 சதவிகிதம் மழையில் நனைந்தோ, கலவை மிஞ்சியோ வீணாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 மூட்டை. காசு நஷ்டம் ஒரு பக்கம். 1,200 கிலோ கார்பன் இன்னொரு பக்கம். மூட்டையை உயரமாக அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டு, பழசை முதலில் எடுக்கச் சொன்னால் இந்த நஷ்டத்தில் பெரும்பகுதி நின்றுவிடும். பசுமைக் கட்டுமானம் என்பதில் பாதி இப்படிப்பட்ட ஸ்டோர் வேலைதான். அதனால், அடிப்படைக் கட்டுமான மேலாண்மை தெரியாமல் 'கிரீன்' மட்டும் கற்றுக்கொள்வது உதவாது.

ஆள் ஏன் தேவைப்படுகிறது?

விளம்பரத்துக்காக மட்டும் இல்லை, சட்டமும் கேட்கிறது. 20,000 சதுர மீட்டர் மற்றும் அதற்கு மேல் கட்டுமானப் பரப்பு உள்ள திட்டங்களுக்கு, 2006-ம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். 2016-ல் வந்த கட்டுமானக் கழிவு விதிகள், ஒரே நாளில் 20 டன் அல்லது ஒரு திட்டத்தில் மாதத்துக்கு 300 டன் கழிவு உண்டாக்குபவர்கள் அதைக் கான்கிரீட், மண், மரம், இரும்பு என்று தரம் பிரிக்க வேண்டும் என்றன. இதற்கு அடுத்தகட்டமாக 2025-ல் அறிவிக்கப்பட்ட புதிய விதிகளில், பெரிய கட்டுமானங்களின் உரிமையாளர்களுக்குக் கழிவை மறுசுழற்சி செய்யும் பொறுப்பும் சேர்ந்திருக்கிறது. பெரிய வணிகக் கட்டடங்களுக்கு எரிசக்தி சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு இருக்கிறது. குடியிருப்புகளுக்கு 2018-ல் வந்த 'எகோ நிவாஸ் சம்ஹிதா' இருக்கிறது.

தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003 முதலே கட்டாயம். அந்தத் தொட்டி ட்ராயிங்கில் மட்டும் இருக்கிறதா, உண்மையில் தண்ணீர் உள்ளே இறங்குகிறதா என்று பார்ப்பதும் இந்த வேலைதான்.

எந்தப் படிப்பிலிருந்து வரலாம்?

10-ம் வகுப்பு முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் மூன்று வருட சிவில் டிப்ளமோ படிக்கலாம். அதை முடித்தால் லேட்டரல் என்ட்ரி மூலம் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். பிளஸ் டூ முடித்தவர்களுக்கு பி.இ. சிவில் அல்லது பி.ஆர்க். எலெக்ட்ரிக்கல், மெக்கானிக்கல் படித்தவர்களுக்கும் இங்கே இடம் உண்டு. ஏசி, லைட்டிங், பம்ப், சோலார் எல்லாம் அவர்கள் பக்கம்தான்.

மேற்படிப்பு என்றால், கிண்டி பொறியியல் கல்லூரியில் எம்.இ. கட்டுமானப் பொறியியல் மற்றும் மேலாண்மை, திருச்சி என்.ஐ.டி-யில் எம்.டெக் கட்டுமானத் தொழில்நுட்பம் மற்றும் மேலாண்மை, சென்னை ஐ.ஐ.டி-யில் சிவில் துறையின் கட்டடத் தொழில்நுட்பம் மற்றும் கட்டுமான மேலாண்மைப் பிரிவு ஆகியவை இருக்கின்றன. ஐ.ஐ.டி., என்.ஐ.டி-க்கு கேட் மதிப்பெண் முக்கியம். மாநிலக் கல்லூரிகளின் எம்.இ. சேர்க்கைக்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் சீட்டா தேர்வும் உண்டு. வெளி மாநிலம் போகத் தயார் என்றால், கட்டுமான மேலாண்மைக்கு புனே நிக்மார், கட்டடங்களின் எரிசக்திச் செயல்திறனுக்கு அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகம் என்று பார்க்கலாம்.

'மேற்படிப்புக்கு இப்போ வசதி இல்லை' என்பவர்களுக்கு என்.பி.டெல். இருக்கிறது. ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்கள் இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால்தான் தேர்வுக் கட்டணம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் இணையதளத்தில் இந்தியத் தர ஆவணங்களையும் இலவசமாக எடுக்கலாம். கான்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456, தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-ன் 11-வது பகுதி இரண்டையும் படித்து முடியுங்கள். அந்த 11-வது பகுதி முழுக்கவே நீடித்த கட்டுமானம் பற்றியதுதான்.

சான்றிதழ்கள்: எது யாருக்கு?

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கட்டடத்துக்குக் கொடுக்கும் சான்றிதழ் வேறு, ஆளுக்குக் கொடுக்கும் சான்றிதழ் வேறு. நீங்கள் எழுதப்போவது இரண்டாவது வகை.

ஐ.ஜி.பி.சி.: இந்தியப் பசுமைக் கட்டடக் கவுன்சில். 2001-ல் தொடங்கப்பட்டது, தலைமையகம் ஹைதராபாத். அங்கிருக்கும் சி.ஐ.ஐ. சொராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம்தான் அமெரிக்காவுக்கு வெளியே முதன்முதலாக லீட் பிளாட்டினம் வாங்கிய கட்டடம். 2004-ல் அதைத் திறந்துவைத்தவர் அப்போதைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம். இங்கே 'அக்ரெடிட்டட் புரொஃபஷனல்' தேர்வு எழுதலாம். இந்திய பில்டர்களிடம் வேலை தேடுபவர்களுக்கு ஏற்றது.

கிரிஹா: டெரி நிறுவனமும் மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகமும் சேர்ந்து உருவாக்கிய தேசிய மதிப்பீட்டு முறை. ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை. அரசுக் கட்டடங்கள் பக்கம் போக விரும்புபவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

லீட்: அமெரிக்க முறை. முதல் படி 'கிரீன் அசோசியேட்' தேர்வு. 2 மணி நேரம், 100 கேள்விகள், 200-க்கு 170 எடுக்க வேண்டும். அடுத்த படி 'லீட் ஏ.பி.'. வளைகுடா, சிங்கப்பூர் கனவு இருந்தால் இது கைகொடுக்கும். கட்டணம் டாலரில். ஒரு முறை தேறினால் போதாது. கிரீன் அசோசியேட் என்றால் 2 ஆண்டுக்கு ஒரு முறை 15 மணி நேரத் தொடர்கல்வியை முடித்துப் புதுப்பிக்க வேண்டும்.

எட்ஜ்: உலக வங்கிக் குழுமத்தின் ஐ.எஃப்.சி. உருவாக்கியது. மின்சாரம், தண்ணீர், கட்டுமானப் பொருள்களுக்குள் அடங்கிய எரிசக்தி மூன்றிலும் குறைந்தது 20 சதவிகிதம் மிச்சம் காட்ட வேண்டும். இதன் மென்பொருள் இலவசம் என்பது மாணவர்களுக்குப் பெரிய வரம்.

எரிசக்தி மேலாளர், எரிசக்தித் தணிக்கையாளர்: மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகத்துக்காக நடத்தப்படும் தேசியத் தேர்வு. மேலாளருக்கு 3 தாள்கள், தணிக்கையாளருக்கு 4. உங்கள் படிப்பைப் பொறுத்து பணி அனுபவம் கேட்பார்கள். அதனால் வேலையில் சேர்ந்து சில வருடம் கழித்து எழுதலாம்.

எல்லாவற்றையும் எடுக்கத் தேவையில்லை. ஒன்று போதும். அதுவும் ஆறு மாதமாவது சைட்டில் நின்ற பிறகு எடுத்தால், பாடத்தில் வரும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு சுவரோ ஒரு குழாயோ ஞாபகத்துக்கு வரும்.

கையில் மண் படட்டும்

புத்தகத்தில் படித்த கல்லுக்கும் தூக்கிப் பார்த்த கல்லுக்கும் நிறைய வித்தியாசம். ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட், சுடாத மண்கல் செய்வது, அதை வைத்து வளைவும் கூரையும் கட்டுவது பற்றி குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகிறது. மண்ணில் சுமார் 5 சதவிகிதம் சிமென்ட் கலந்து, இயந்திரத்தில் அழுத்தி, தண்ணீர் விட்டுப் பதப்படுத்தும் கல் அது. சூளையும் இல்லை, விறகும் இல்லை. திருவனந்தபுரம் பக்கம் போனால் லாரி பேக்கர் கட்டிய கட்டடங்களைப் பாருங்கள். செங்கல்லைப் படுக்கவைக்காமல் நிறுத்திவைத்து, நடுவில் காற்று இடைவெளி விட்டுக் கட்டும் 'ராட் டிராப்' முறையில் கல் சுமார் 25 சதவிகிதம் மிச்சம்; உள்ளே சூடும் குறையும்.

புதிய பொருள்களையும் விட்டுவிடாதீர்கள். சுண்ணாம்புக்கல், சுட்ட களிமண் சேர்த்து கிளிங்கரைப் பாதியாகக் குறைத்த எல்.சி-3 சிமென்ட்டுக்கு 2023-ல் இந்தியத் தரம் வந்துவிட்டது. சென்னை ஐ.ஐ.டி-யும் பங்கெடுத்த ஆராய்ச்சி இது. சென்னை பெரும்பாக்கத்தில் 2022-ல் திறக்கப்பட்ட 1,152 வீடுகள், முன்கூட்டியே வார்த்த கான்கிரீட் பாகங்களை இணைத்துக் கட்டப்பட்டவை. இப்படிப்பட்ட சைட்டில் வேலையின் வரிசையே வேறு மாதிரி இருக்கும்.

அப்புறம், மேஸ்திரியிடம் கற்றுக்கொள்ளுங்கள். க்யூரிங்குக்கு ஹோஸ் பைப்பைத் திறந்துவிட்டுப் போவதற்கும், தூணில் ஈரச்சாக்கு சுற்றிவிடுவதற்கும் எத்தனை குடம் தண்ணீர் வித்தியாசம் என்பதை அவரை விட நன்றாக யாரும் சொல்ல முடியாது. 'சார்' என்று அவர் உங்களைக் கூப்பிட்டாலும், அங்கே மாணவர் நீங்கள்தான்.

வீட்டிலிருந்தே மூன்று பயிற்சிகள்

1. உங்கள் வீட்டு ஒரு வருட இ.பி. பில்களை எடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒன்று என ஆறு பில். கோடையில் யூனிட் எவ்வளவு ஏறுகிறது, எந்த ரூமால் ஏறுகிறது என்று எழுதுங்கள்.

2. அதே வீட்டின் அளவுகளை எட்ஜ் மென்பொருளில் போடுங்கள். ஜன்னலுக்கு மேல் சன்ஷேடு, மாடியில் வெள்ளை ஓடு என ஒவ்வொன்றாக மாற்றி, எதில் அதிக மிச்சம் என்று பாருங்கள்.

3. பக்கத்தில் வீடு கட்டுபவரிடம் அனுமதி கேட்டு, நாலு வாரம் தினமும் பத்து நிமிடம் போங்கள். வந்த மூட்டை, தண்ணீர் லாரி, உடைந்த கல், வெளியே போன ரப்பிஷ் லோடு. ஒரு நோட்டு போதும்.

இந்த மூன்றையும் பத்துப் பக்கமாக எழுதி இன்டர்வியூவுக்குக் கொண்டுபோங்கள். சான்றிதழ் ஃபைலை விட அதைத்தான் அதிக நேரம் புரட்டுவார்கள்.

பணம் கட்டும் முன்...

'கிரீன் பில்டிங் டிப்ளமோ' என்ற பெயரில் பெரிய தொகை கேட்கும் பயிற்சி மையங்களும் இருக்கின்றன. நகையை வைத்தோ, கடன் வாங்கியோ சேர்வதற்கு முன்பு நேரில் போய் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

கடைசியில் கிடைப்பது மதிப்பீட்டு அமைப்பின் சான்றிதழா, இல்லை உங்கள் மையத்தின் பங்கேற்புச் சான்றிதழா? தேர்வுக் கட்டணம் இந்தத் தொகைக்குள் அடக்கமா? சைட்டில் எத்தனை நாள்? பாடம் எடுப்பவர் கடைசியாக வேலை பார்த்த கட்டடம் எது? போன வருடம் படித்த இரண்டு பேரிடம் பேச முடியுமா?

பதில் மழுப்பலாக வந்தால் திரும்பிவிடுங்கள். மேலே சொன்ன தேர்வுகளுக்கு நீங்களே நேரடியாகப் பதிவு செய்யலாம், இடைத்தரகர் தேவையில்லை. இன்னொன்று, சான்றிதழ் இருக்கிறது என்பதற்காக முதல் சம்பளம் இரட்டிப்பாகிவிடாது. முதல் வேலையின் பெயரிலும் 'கிரீன்' இருக்காது. சைட் இன்ஜினீயர், குவாலிட்டி இன்ஜினீயர், பிளானிங், சேஃப்டி என்றுதான் இருக்கும். தயங்காமல் சேருங்கள். பழகுவதற்கு அதுதான் சரியான இடம்.

சைட்டில் உங்கள் பொறுப்பு

வேலையாட்களும் இந்தக் கணக்கில் அடக்கம். 50-க்கு மேல் பெண் தொழிலாளர்கள் இருக்கும் கட்டுமான இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்றது, 2025 வரை நடைமுறையில் இருந்த 1996-ம் ஆண்டு கட்டடத் தொழிலாளர் சட்டம். சித்தாளின் குழந்தை மணல் குவியலில் தூங்கும் சைட்டை, எத்தனை சோலார் பேனல் வைத்தாலும் பசுமை என்று சொல்ல முடியாது.

கடைசியாக, எந்தப் படிப்பும் முழுசாகச் சொல்லித்தராத ஒன்று. ட்ராயிங்கில் மேற்குப் பக்கத்துக்கு வெப்பம் தடுக்கும் கண்ணாடி போட்டிருப்பார்கள். லாரியில் இறங்கியது சாதாரணக் கண்ணாடியாக இருக்கும். 'பார்க்க ஒரே மாதிரிதானே இருக்கு, மாட்டிவிடுங்க, அடுத்த வாரம் ஹேண்ட் ஓவர்' என்பார்கள். டெலிவரி சலானையும் ஸ்பெசிஃபிகேஷனையும் பக்கத்தில் வைத்து, 'இது அது இல்லை' என்று எழுத்தில் கொடுக்கும் தைரியமும் விவரமும் உங்களுக்கு வேண்டும். அன்றைக்கு நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால், அந்த ரூமில் குடியிருக்கும் குடும்பம் அடுத்த 30 வருடத்துக்கு இ.பி. பில்லில் அந்த வெயிலுக்குப் பணம் கட்டிக்கொண்டே இருக்கும்.