பழுதின் வரலாறு: அலைவாய்க்கரையில் புது எஞ்சின்கள்

புதுசா வாங்கின பொம்மை ரயில் எஞ்சின் தண்டவாளத்தில் மக்கர் பண்ணினால் கடையில் திருப்பிக் கொடுக்கலாம். அலைக்கு நடுவே நின்றுபோன படகு எஞ்சினை யாரிடம் கொடுப்பது? தரம் என்பது பொருளுக்குள் உறைந்திருக்கும் குணம் என்கிறது சந்தை. நம் கடற்கரைக்கு எஞ்சின் வந்த வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. சோதித்துப் பார்க்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதே தரத்தைத் தீர்மானித்திருக்கிறது.

கட்டுமரத்தை எடுத்துக்கொள்வோம். லேசான மரங்களைக் கயிற்றால் பிணைத்தது. இடுக்கு வழியே தண்ணீர் வடிந்துவிடும். கரையேறியதும் அவிழ்த்துக் காயவைப்பார்கள். ஒரு மரம் உளுத்தால் அதை மட்டும் மாற்றலாம். ரிப்பேர் என்று தனியாக ஒரு வேலை இல்லை. கட்டுவதும் அவிழ்ப்பதுமே பராமரிப்பு. ஓட்டுகிறவனே அதன் தொழில்நுட்பன்.

1953இல் கேரளத்து நீண்டகரையில் வேலை தொடங்கிய இந்தோ-நார்வே திட்டம் முதலில் உள்ளூர் வள்ளங்களில் எஞ்சினைப் பொருத்திப் பார்த்தது. சரிப்படவில்லை. எஞ்சின் இந்தக் கரைக்கு ஆகாது என்று யாரும் முடிவுகட்டவில்லை, வள்ளம்தான் லாயக்கற்றதாயிற்று. புது விசைப்படகுகள் வந்தன, அவற்றுக்குத் துறைமுகம் தேவைப்பட்டது. மணலிலேயே படகேற்றும் நொச்சிக்குப்பம் போன்ற ஊர்கள் இந்த வளர்ச்சிக் கதையாடலுக்கு வெளியே நின்றன.

இந்த இடைவெளியை அடையாளம் கண்டது, உணவு வேளாண்மை அமைப்பு 1979இல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம். நொச்சிக்குப்பத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத அபிராமபுரம் செயின்ட் மேரிஸ் சாலையில் அதன் அலுவலகம் அமைந்தது. படகு வடிவமைப்பாளர் குல்பிராண்ட்சன் டீசல் எஞ்சினை நீர்புகாப் பெட்டியில் வைத்து, கரையேறும்போது பெட்டியோடு சாய்த்து விசிறியைத் தூக்கிவிடும்படி செய்தார். எஞ்சின் முதல்முறையாகக் கரைக்குப் பணிந்தது எனலாம். ஆனால் அந்தப் படகின் விலை எளிய மீனவருக்கு எட்டவில்லை. பிற்பாடு பரவியது ஃபைபர் படகும், வெளியே மாட்டும் எஞ்சினும்தான்.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு நிலைமை இன்னும் சிக்கலானது. நிவாரணப் பணம் குவிந்தது, அவசரமாகப் படகுப் பட்டறைகள் முளைத்தன. கண்ணாடி இழை அடுக்கைக் குறைத்தாலும் ரெசின் சரியாக ஊறாவிட்டாலும் பெயிண்ட் அடித்த பிறகு கண்ணுக்குத் தெரியாது. அலை தூக்கி மணலில் அறையும்போதுதான் விரிசல் தெரியும். சுனாமி நாடுகளில் தரங்குறைந்த படகுகள் தரப்படுவதாக உணவு வேளாண்மை அமைப்பே எச்சரித்தது. இங்கே காசு கொடுத்தவர் கடலுக்குப் போவதில்லை. கடலுக்குப் போகிறவர் வாங்கியவர் இல்லை. தானமாக வந்த மாட்டைப் பல் பிடித்துப் பார்க்கக் கூடாதாம். உயிரைப் பணயம் வைக்கிறவன் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது?

கையேடுகளும் இதே அதிகாரத்தின் மொழியில்தான் பேசுகின்றன. கடல்நீரால் குளிரும் எஞ்சினுக்குள் உப்பு படியாமலிருக்க ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். குடிதண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கும் குப்பத்துக்கு இந்த அறிவுரை! எஞ்சின் நின்றுவிட்டால் ‘பராமரிப்பு சரியில்லை’ என்று பழி மீனவர் தலையில் விழுகிறது.

அடுத்த முறை அரசோ தொண்டு நிறுவனமோ ஃபைபர் படகு தர வரும்போது, கடலுக்குப் போகிறவர் ஓட்டிப் பார்த்து ‘சரி’ என்று சொன்ன பிறகே பட்டறைக்குப் பணம் போக வேண்டும். பயனாளி என்ற பட்டத்தைத் துறந்துவிட்டு மீனவர் சங்கங்கள் கேட்க வேண்டிய உரிமை இது.