குறுமுயலும் பாணர் குடியும்

உறையூர் வரலாற்றை எழுதுகிறவர்கள் சோழன் தலைநகர் என்று தொடங்குவார்கள். யானையைக் கோழி வென்ற மண் என்பார்கள். அதனால் ஊருக்கே கோழி என்று ஒரு பெயர் உண்டு என்பார்கள். உறையூரில் யார் எங்கே உட்கார்ந்து என்ன தின்றார்கள் என்பது மட்டும் வராது. நான் அங்கேயிருந்து தொடங்குகிறேன், ஒரு துண்டு முயல்கறியிலிருந்து.

புறநானூற்றின் 34ஆம் பாட்டு ஆலத்தூர் கிழார் பாடியது. பாடப்பட்டவன் சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன். எந்தப் பாவத்துக்கும் கழுவாய் உண்டு, நன்றி மறந்தவனுக்கு மட்டும் இல்லை என்பது பாட்டின் சாரம். அதற்குள் ஒரு விருந்து வருகிறது. வரகுச் சோறு, பால், தேன், கூடவே சுட்ட குறுமுயலின் கொழுத்த கறி. இலந்தை மரம் நிற்கும் அகன்ற மன்றத்தில் சொந்தபந்தத்தோடு உட்கார்ந்து, மனசில் எதையும் மறைக்காமல் பேசிக்கொண்டே சாப்பிடுகிறவர்கள் பாணர்கள். மன்றம் என்பது ஊரின் நடு. ஊருக்கு வெளியே இருந்த இடமல்ல. அதே புறநானூற்றில் மாங்குடி கிழார் 335ஆம் பாட்டில் குடிகள் என்று நான்கைத்தான் எண்ணுகிறார்: துடியன், பாணன், பறையன், கடம்பன். குடி என்ற சொல்லுக்கே உரியவர்களாக இருந்தவர்கள் பிறகு எப்படிக் கீழாக்கப்பட்டார்கள்? அவர்கள் தின்ற கறியால்தான் என்று நமக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். அது உண்மையா என்று பார்ப்போம்.

முதலில் முயலைப் பார்க்கலாம். பாட்டில் வரும் காட்டு முயல் இன்னும் நம் பக்கத்தில் இருக்கிறது. துறையூர், முசிறி, மணப்பாறைப் பக்கத்துப் புஞ்சைக் காடுகளிலும் கரட்டிலும் ஓடுவது அதுதான். பிடரியில் கறுப்புத் திட்டு இருக்கும். அறிவியலார் வைத்த லெபஸ் நைக்ரிகோலிஸ் என்ற பெயருக்கும் கறுத்த கழுத்து என்றே பொருள். இது வளை தோண்டாது. புல்லுக்குள் உடம்பளவு பள்ளம் படிய வைத்துப் படுத்துக்கொள்ளும். குட்டி பிறக்கும்போதே மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். திருச்சியில் கூண்டில் வைத்து விற்கிற வெள்ளை முயல் வேறு. அதன் மூதாதை ஐரோப்பாவின் தென்மேற்கு மூலையில், ஸ்பெயின் பக்கம், வளை தோண்டி வாழ்ந்த முயல். அதன் குட்டி கண் மூடி, அம்மணமாகப் பிறக்கும். இரண்டும் ஒன்றோடொன்று இனம் சேராது. நாம் இரண்டையும் முயல் என்கிறோம். இமயமலையில் காதும் வாலும் குறுகிய பிகா என்றொரு உறவும் இவற்றுக்கு உண்டு. இவை எல்லாவற்றையும் எலிச் சாதியோடு சேர்த்து வைத்திருந்தார்கள். மேல்முன்பல்லுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் இன்னொரு சோடிச் சிறுபல்லைக் காட்டி 1912இல் தனி வரிசை என்று பிரித்தார்கள்.

இந்த முயலைத் தின்னலாமா கூடாதா என்று மனுவிடமே கேட்கலாம். மனுதர்மம் அய்ந்தாம் அத்தியாயம், ஐந்து நகமுள்ள விலங்குகளில் தின்னத் தகுந்தவை என்று முள்ளம்பன்றி, உடும்பு, ஆமை முதலியவற்றோடு முயலையும் வைக்கிறது. மூன்றாம் அத்தியாயத்தில் சிராத்தத்தில் முயல், ஆமை இறைச்சி படைத்தால் பிதுர்கள் பதினொரு மாதம் திருப்தியாக இருப்பார்கள் என்கிறது. வால்மீகி இராமாயணத்தில் அம்பு பட்டுக் கிடக்கும் வாலி, பிராமணரும் சத்திரியரும் உண்ணத்தக்க விலங்குப் பட்டியல் ஒன்றை இராமனிடம் சொல்கிறான். முயல் அதிலும் இருக்கிறது, குரங்கு இல்லை. ஆக, முயல்கறி தீட்டில்லை. மாட்டுக்கறிக்கும் இதே கதைதான். வேத காலத்தில் பிராமணர் மாட்டிறைச்சி உண்டதை அண்ணல் அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட ‘தீண்டப்படாதார்’ நூலில் அவர்கள் சாத்திரங்களிலிருந்தே எடுத்துக் காட்டினார். கறியில் தீட்டு இல்லை. யார் தின்றார் என்பதில்தான் தீட்டை வைத்தார்கள்.

எங்கள் அப்பாயி சாத்திரம் படிக்காதவள். துறையூர்ப் பக்கம் வானம் பார்த்த பூமியில் கூலி வேலை பார்த்தவள். தாத்தா தலையில் விளக்கு வைத்து, கையில் மணி ஆட்டிக்கொண்டு ராத்திரி முயலுக்குப் போவார். வெளிச்சத்தில் கண் கூசி முயல் நிற்கும், மணிச் சத்தத்தில் காலடி கேட்காது. பின்னால் வருகிறவர் கம்பால் அடிப்பார். அடிபட்ட முயலில் ஒரு தொடை பண்ணையார் வீட்டுக்குக் கொல்லைப்புற வழியாகப் போய்விடும். அப்பாயி சொல்வாள்: “கறி திங்கிறப்ப வராத தீட்டு, சட்டியத் தொட்டா மட்டும் வந்துருதாக்கும்.” பிடிவாதக்காரனைக் கேலி பண்ண, தான் பிடிச்ச முயலுக்கு மூணு கால் என்று ஊரில் ஒரு பழமொழி சொல்வார்கள். தாத்தா சிரிக்க மாட்டார். “ஒரு கால் பண்ணைக்குப் போயிருச்சுன்னா மூணு காலுதான்டா இருக்கும். இதுல என்ன பிடிவாதம்?” என்பார். அந்தப் பழமொழிக்கு இதைவிடச் சரியான உரையை நான் எங்கும் படித்ததில்லை.

உறையூருக்கே திரும்புகிறேன். கிள்ளிவளவன் காலத்துக்குப் பல நூற்றாண்டு கழித்து அதே ஊரில், அதே பாணர் குடியில் ஒருவர் வருகிறார்: திருப்பாணாழ்வார். காவிரியைத் தாண்டினால் ஸ்ரீரங்கம். ஆனால் அந்தத் தீவில் அவர் கால் வைக்கக் கூடாது. தென்கரையில் நின்றே பாடினார். தண்ணீர் எடுக்க வந்த லோகசாரங்கர் வழிவிடச் சொல்லிக் கல்லெறிந்தார், நெற்றியில் ரத்தம் வந்தது. பிறகு பெருமாள் கட்டளையிட, அதே லோகசாரங்கர் அவரைத் தோளில் சுமந்து கோயிலுக்குள் கொண்டுபோனார் என்கிறது குருபரம்பரை. பத்துப் பாட்டுப் பாடிவிட்டு அவர் பெருமாளோடு கலந்துவிட்டாராம். உள்ளே போன பாணர் திரும்பி நடந்து வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அவர் பாணர் வயிற்றில் பிறக்கவில்லை, நெல்வயலில் கிடந்த குழந்தையைப் பாணர் எடுத்து வளர்த்தார்கள் என்று அதே குருபரம்பரை எழுதிக்கொண்டது. தோளில் சுமந்த பிறகும் பிறப்பை மாற்றினால்தான் அவர்களுக்குத் தூக்கம் வந்தது. மன்றத்து நடுவில் முயல்கறி தின்ற பாணன் ஆற்றங்கரையில் கல்லடி பட்டான். நன்றி மறந்தவனுக்குக் கழுவாய் இல்லை என்று பாடிய பாட்டு இந்த ஊர் அரசனைத்தான் பாடியது.

முயலின் வீரத்தையும் இப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். வேட்டை நாய்களை ஒரு முயல் திருப்பித் துரத்தியது, ஆகவே இது வீரம் விளைந்த மண் என்று கோட்டை கட்டிய கதை விஜயநகரத்துக்கு உண்டு, பாஞ்சாலங்குறிச்சிக்கும் உண்டு. அந்த விஜயநகரத்தின் தளபதி கோபணன்தான் 1371இல் ஸ்ரீரங்கத்துக்கு அரங்கனைத் திரும்பக் கொண்டுவந்தான். எதிர்த்து நின்றது முயல். கோட்டையோ அரசனுக்கு, பெருமையோ மண்ணுக்கு. முயலுக்கு என்ன கிடைத்தது என்று எந்தக் கதையும் சொல்வதில்லை. சந்திரனில் தெரியும் முயலை முயற்கறை என்றும் களங்கம் என்றும் நம் புலவர்கள் சொன்னார்கள். பௌத்தர்கள் அப்படிச் சொல்லவில்லை. சச ஜாதகத்தில் போதிசத்துவர் முயலாகப் பிறக்கிறார். யாசிக்க வந்தவனுக்குக் கொடுக்க ஒன்றுமில்லாமல் தன் உடம்பையே தீயில் போடுகிறார். அந்த ஈகையை உலகம் மறக்கக் கூடாது என்று நிலவில் முயல் உருவம் எழுதப்படுகிறது. ஒரே உருவம்தான். ஒரு மரபுக்கு அது கறை, இன்னொரு மரபுக்கு மரியாதை.

வெள்ளைக்காரன் வந்தான். 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டான். 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கண்ணியும் வலையும் கொண்டு அலைந்து பிழைத்த குடிகள் பலர் பிறவிக் குற்றவாளிகள் ஆனார்கள். 1952இல்தான் அந்தச் சட்டம் போயிற்று. இதே வெள்ளைக்காரன் 1859இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் வேட்டை விளையாட்டுக்காகக் கொஞ்சம் முயல்களை அவிழ்த்துவிட்டான். தாமஸ் ஆஸ்டின் என்பது அவன் பெயர். சில பத்தாண்டுகளில் முயல்கள் கண்டத்தையே மேய்ந்தன. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1901 முதல் 1907 வரை மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் முயல் வேலி போட்டார்கள். 1931இல் அரசு தாயிடமிருந்து பிடுங்கி முகாமில் அடைத்த மூன்று பழங்குடிச் சிறுமிகள் தப்பி, அந்த வேலியைப் பிடித்துக்கொண்டே ஊருக்கு நடந்தார்கள். சுமார் 1600 கிலோமீட்டர் வழி. வீடு சேர்ந்தவர்கள் இருவர். அந்த மண்ணுக்கு உரியவர்களின் பிள்ளைகளுக்கு வந்தேறி முயலுக்குப் போட்ட வேலிதான் வழிகாட்டியாக இருந்தது.

நம் நாட்டில் 1972இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காட்டு முயல் வேட்டையைக் குற்றமாக்கியது. 2022 திருத்தம் பொது அபராதத்தின் உச்சத்தை 25,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சமாக்கியது. முயல் அழியக் கூடாது என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் முயல் படுத்த கரடு கல்குவாரியாகிறது, புஞ்சை பிளாட்டாகிறது. அவற்றுக்கு அனுமதிக் கடிதம் கிடைக்கிறது. வலையோடு போனவனுக்குக் கிடைப்பது விலங்கு. கொடைக்கானல் மன்னவனூரில் மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா முயல்களை இறைச்சிக்கென்றே வளர்க்கிறது. கூண்டும் கடனும் வாங்க முடிந்தவனுக்கு முயல்கறி தொழில். துவாக்குடிப் பக்கம் தேவராயநேரியில் வாழும் நரிக்குறவர்களுக்கு அவர்கள் பரம்பரைத் தொழிலே குற்றம். பழங்குடி என்று அவர்களைப் பட்டியலில் சேர்க்கவே 2022 டிசம்பர் வரை நாடாளுமன்றத்துக்கு நேரம் பிடித்தது. காட்டை எடுத்துக்கொண்ட பிறகு காட்டுமக்கள் என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சான்றிதழும் வேண்டும்தான், அதை வைத்துப் பிள்ளைகள் படிக்கட்டும். ஆனால் கணக்கு அதோடு தீரவில்லை.

ஸ்ரீரங்கத்தில் ஆண்டுதோறும் இராப்பத்து எட்டாம் நாள் வேடுபறி நடக்கிறது. கள்ளர் குடியில் பிறந்த திருமங்கை மன்னன் பெருமாளையே வழிமறித்துக் கொள்ளையடித்த கதையை நடித்துக் காட்டுகிறார்கள். கொள்ளை அங்கே திருவிழா. பெருமாள் கோயில்களில் தை மாதம் சாமியே வேட்டைக்குப் புறப்படும், அதற்குப் பாரிவேட்டை என்று பெயர். வேட்டையும் திருட்டும் சாமியைச் சேர்ந்தால் உற்சவம், சேரியைச் சேர்ந்தால் வழக்கு. மனுவின் பட்டியலைப் படித்தபோது கண்டதும் இதுவேதான்.

உறையூர் வரலாற்றை எழுதுகிற பேராசிரியர்களுக்கு நாம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. யானையை வென்ற கோழியைத் தாராளமாக எழுதுங்கள். இலந்தை மரத்தடியில் வரகுச் சோற்றோடு முயல்கறி தின்ற பாணனையும் எழுதுங்கள். அவன் ஊரின் நடுவில் உட்கார்ந்திருந்தான் என்று எழுதுங்கள். ஆற்றின் இக்கரையில் அவனை நிறுத்தியவர்கள் யார் என்பதையும் பெயர் சொல்லி எழுதுங்கள். நீங்கள் எழுதாவிட்டால் நாங்கள் எழுதுவோம்.