காற்றை இறக்கித் தண்ணீரை ஏற்றிய காலம்

1980களிலும் 90களிலும் சுரண்டை, ஆலங்குளம், சங்கரன்கோவில் பக்கம் பஸ்ஸில் போய் வந்தவர்களுக்கு ஒரு காட்சி ஞாபகம் இருக்கும். வயலோரம் ஒரு மோட்டார் அறை. உள்ளே பெல்ட் ஓடும் சத்தம். வெளியே சிமெண்டுத் தொட்டியில் தண்ணீர் ஒரே தாரையாக விழாது. ஒரு வாய் தண்ணீர், ஒரு வாய் காற்று என்று இருமி இருமித் துப்பும். ‘கம்ப்ரசர் போர்’ என்று சொல்வோம். இப்போது அந்த இருமல் பெரும்பாலும் அடங்கிவிட்டது. அது ஏன் வந்தது, ஏன் போனது என்று எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

செங்கோட்டைக்காரர்களாகிய நமக்குக் கிணற்றுப் பாசனத்தின் கஷ்டம் அவ்வளவாகத் தெரியாது. சாரல் இருக்கிறது, அனுமன் நதி இருக்கிறது, குளங்கள் இருக்கின்றன. கிழக்கே போகப் போக மழையும் குறையும், ஓடையும் வற்றும். அங்கே கிணறுதான் கதி. கமலை கட்டி, மாடு பூட்டி, தோல் வாலில் இறைத்த காலம் பல நூறு ஆண்டுகள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எண்ணெய் எஞ்சின் வந்தது. சென்னைப் பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்து, பிறகு மாகாணத்தின் தொழில்துறை இயக்குநரான ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர், எஞ்சின் வைத்துக் கிணறு இறைப்பதை மும்முரமாகப் பரப்பினார். அப்போது நம் ஊர் திருவிதாங்கூரில் இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தோம். 1944இல் பாபநாசம் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கிய பிறகு, திருநெல்வேலிச் சீமையில் மின்சார மோட்டார் மெல்ல மெல்லக் கிணற்றடிக்கு வந்தது.

ஆனால் எஞ்சினானாலும் மோட்டாரானாலும் ஒரு தடை உண்டு. மேலே இருக்கும் பம்பு தண்ணீரை ‘உறிஞ்சுகிறது’ என்கிறோமே, உண்மையில் அது உறிஞ்சுவதில்லை. குழாய்க்குள் காற்றை எடுத்துவிட, வெளியே இருக்கும் காற்றின் அழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. அந்த அழுத்தத்துக்குச் சுமார் 34 அடித் தண்ணீரைத் தாங்கத்தான் சக்தி. கலிலியோ காலத்திலேயே இத்தாலியில் பம்புக்காரர்கள் இதைக் கண்டு திகைத்தார்கள். அவருடைய சீடர் டாரிசெல்லி 1643இல் பாதரசக் குழாய் வைத்துக் காரணத்தை விளக்கினார். நடைமுறையில் 25 அடி கிடைத்தாலே நல்லது. அதனால்தான் நம்மவர்கள் நீர்மட்டம் இறங்க இறங்க, கிணற்றுக்குள்ளேயே மேடை கட்டி மோட்டாரைக் கீழே இறக்கிக்கொண்டே போனார்கள். திடீரென்று ஊற்று ஏறினால் மோட்டார் முழுகும்.

அதற்கும் கீழே தண்ணீர் போனபோது ஆழ்துளைக் கிணறு வந்தது. 1966-67 பீகார் வறட்சியின்போது யூனிசெப் நிறுவனம் காற்றழுத்தத்தில் இயங்கும் துளைக் கருவிகளை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. கம்பி நுனியில் உள்ள சுத்தியல், மேலிருந்து வரும் காற்றின் வேகத்தில் பாறையை இடிக்கும். அதே காற்று பாறைப் பொடியை மேலே ஊதித் தள்ளும். கடும்பாறை நிறைந்த நம் பகுதிக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை. பிறகு திருச்செங்கோட்டு ரிக் லாரிகள் இந்தியா முழுவதும் போய்த் துளை போட ஆரம்பித்த கதை எல்லோருக்கும் தெரியும்.

துளை போட்டாயிற்று. ஆறு அங்குல ஓட்டை, இருநூறு முந்நூறு அடி ஆழம். அதற்குள் மோட்டாரை இறக்கி மேடை கட்ட முடியாது. நீர்மூழ்கி மோட்டார் அன்று விலை அதிகம். பழுதானால் மொத்தக் குழாயையும் உருவ வேண்டும். இங்கேதான் காற்று மறுபடி வேலைக்கு வந்தது.

உபாயம் பழையது. 1797இல் கார்ல் லோஷர் என்ற ஜெர்மன் சுரங்கப் பொறியாளர் கண்டது. துளைக்குள் இரண்டு குழாய்கள் இறங்கும். ஒன்றேகால், ஒன்றரை அங்குலத்தில் தண்ணீர்க் குழாய். அரை, முக்கால் அங்குலத்தில் காற்றுக் குழாய். காற்றுக் குழாயின் கடைசி முனை தண்ணீர்க் குழாயின் அடியில் சேரும். மேலே இருக்கும் கம்ப்ரசர் காற்றை அழுத்தி அனுப்ப, அது அடியில் குமிழியாக வெளிப்படும். குமிழி கலந்த தண்ணீர் கனம் குறைந்தது. வெளியே உள்ள கனமான தண்ணீர் அதை மேலே தள்ளிவிடும். அவ்வளவுதான்.

விவசாயிகளுக்கு இது பிடித்துப்போக நியாயமான காரணம் இருந்தது. துளைக்குள் அசைகிற பாகம் ஒன்றுகூடக் கிடையாது. மணல் வந்தாலும் தேயாது, துளை சற்று கோணலானாலும் பரவாயில்லை. எல்லா இயந்திரமும் தரைக்கு மேலே, கைக்கு எட்டுகிற இடத்தில். வால்வு, ரிங், பெல்ட் எது போனாலும் உள்ளூர் மெக்கானிக்கே சரிசெய்வார். இரண்டு மூன்று துளை இருந்தால் ஒரே கம்ப்ரசரிலிருந்து காற்றுக் குழாயைப் பிரித்து, வால்வைத் திருப்பித் திருப்பி இறைக்கலாம்.

குறை என்ன? மின்சாரம். காற்றை அழுத்தும்போது பிறக்கும் சூடு வீண். குமிழி தண்ணீரை விட்டு நழுவி ஓடுவதும் வீண். செலவழித்த சக்தியில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குதான் தண்ணீராக மேலே வரும். காசு கொடுத்து மின்சாரம் வாங்கினால் கணக்குப் பார்த்திருப்பார்கள். 1970களில் மின்கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் பெரும் போராட்டம் நடத்தினார்கள். கடைசியில் சிறு விவசாயிகளுக்கும், பிறகு 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமாயிற்று. அந்த உதவியால் பிழைத்த குடும்பங்கள் ஏராளம். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. ஆனால் அதன் பிறகு இயந்திரம் எவ்வளவு தின்கிறது என்று கேட்க ஒருவருக்கும் அவசியம் இல்லாமல் போயிற்று.

கேட்டது நிலத்தடி நீர்தான். காற்று முனை 200 அடியில், இறைக்கும்போது நீர்மட்டம் 80 அடியில் என்று வைத்துக்கொள்ளுங்கள். முனைக்கு மேல் 120 அடித் தண்ணீர் நிற்கிறது; நன்றாக இறைக்கும். மட்டம் 150 அடிக்கு இறங்கினால் முனைக்கு மேல் 50 அடிதான் மிச்சம். குமிழி சும்மா ஊடுருவிப் போய்விடும். தொட்டியில் வெறும் காற்று. பழையபடி வர வேண்டுமென்றால் குழாயை 375 அடிக்கு இறக்க வேண்டும், 100 பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவான அழுத்தம் வேண்டும். பழைய கம்ப்ரசர் திணறும். 70 அடி மட்டம் இறங்கினால் 175 அடி குழாய் இறங்க வேண்டும் என்பதுதான் இதன் கொடுமை. ஆக, கம்ப்ரசர் தோற்றது நீர்மூழ்கி மோட்டாரிடம் மட்டுமல்ல. தான் இறைத்த தண்ணீரிடமே தோற்றது.

வயலிலிருந்து கழற்றிய கம்ப்ரசர்கள் சில பஞ்சர் கடைக்கும் வீட்டுப் பட்டறைக்கும் போய்ச் சேர்ந்தன. அப்படி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே காற்று தண்ணீரைத் தூக்கியது. இங்கே காற்றே தண்ணீரைச் சுமந்து வரும். சாரல் மாதங்களில் நம் ஊர்க் காற்றின் ஈரமெல்லாம் டாங்கின் அடியில் சேரும். தினமும் அடிக்குழாயைத் திறந்துவிடுங்கள். காற்றுக் குழாயைச் சற்றுச் சரிவாகப் போட்டு, கிளைக் குழாயை மேற்புறத்திலிருந்து எடுங்கள். தண்ணீருக்குப் போடும் பிவிசி குழாயைக் காற்றுக்குப் போடவே வேண்டாம். வெடித்தால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும்.

கிணறு வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று. புது மோட்டார் வாங்கும் முன் துளையில் கயிறு விட்டு நீர்மட்டம் பாருங்கள். சாரலில் பார்க்காதீர்கள், சித்திரையில் பாருங்கள். இறைக்கும் முன் ஒரு தடவை, இரண்டு மணி நேரம் இறைத்த பின் ஒரு தடவை. அந்த இரண்டு எண்களையும் தேதியோடு மோட்டார் அறைச் சுவரில் கரியால் எழுதி வையுங்கள். அடுத்த தலைமுறை அதற்குக் கீழே தன் எண்ணை எழுதட்டும்.