யாருடன் போகிறாய்?

தோழிகள் நாலைந்து பேர் சேர்ந்து ஐரோப்பா போய்வருவது இன்று அதிசயமல்ல. பெண்களுக்கென்றே பயணக் குழுக்கள் வந்துவிட்டன. ஆனாலும் ஷெங்கன் விசா விண்ணப்பம் திருமணமானவளா என்று கேட்கிறது. அதற்கு முன்பே வீடு கேட்டுவிடும்: யாருடன் போகிறாய், யார் காசில், பிள்ளையை யார் பார்ப்பது? கடைசிக் கேள்வியை எந்த ஆணிடமும் யாரும் கேட்பதில்லை. கப்பலேறிய முதல் தலைமுறைப் பெண்களையும் இதே கேள்விகள்தான் துரத்தின.

1883இல் பண்டித ரமாபாய் பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். கணவரை இழந்தவர். மடியில் குழந்தை மனோரமா, பக்கத்தில் தோழி ஆனந்திபாய் பகத். கப்பல் கட்டணத்துக்கு உதவியது அவர் மராத்தியில் எழுதிய ‘ஸ்திரீ தர்ம நீதி’ விற்ற பணம். வான்டேஜ் என்ற ஊரில் கிறித்துவச் சகோதரிகளின் மடத்தில் தங்கினார்கள். சில மாதங்களிலேயே ஆனந்திபாய் தற்கொலை செய்துகொண்டார். தங்களை மதம் மாற்றிவிடுவார்கள் என்ற அச்சம் அவரை வாட்டியதாகச் சொல்கிறார்கள். அந்தச் செப்டம்பரில் ரமாபாய் மகளோடு ஞானஸ்நானம் பெற்றார். ரமாபாயைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தத் தோழியை ஒரே வரியில் தாண்டிப் போகிறார்கள். தன் ஊர், தன் மொழி தெரிந்த ஒரே துணையை அந்நிய மண்ணில் புதைத்துவிட்டு வாழ்வதென்பது ஒரு வரிச் செய்தியா?

அதற்கு முந்தைய ஆண்டு கல்கத்தாவிலிருந்து கிளம்பியவர் கிருஷ்ணபாவினி தாஸ். கணவரோடு போனதால் முதல் கேள்விக்குப் பதில் இருந்தது. மூன்றாவதற்கு இல்லை. மகள் திலோத்தமாவை மாமனார் வீட்டில் விட்டுவிட்டுத்தான் போக முடிந்தது. ரயிலில் பம்பாய், கப்பலில் வெனிஸ், மறுபடி ரயிலில் இங்கிலாந்து. அந்தப்புரத்தில் முக்காட்டுக்குள் வளர்ந்தவர் லண்டன் தெருக்களைக் கண் கொட்டாமல் பார்த்தார். ஆங்கிலப் பெண்கள் படிப்பதையும் வேலைக்குப் போவதையும் வியந்தார். அந்த ஊரின் குடியையும் பணவெறியையும் கண்டித்தார். வெள்ளைக்காரர் ஊரைப் பார்த்து மயங்கிப்போனவர் என்று அவரை ஒதுக்கிவிட முடியாது. ஆண்டவர்களின் நாட்டை, ஆளப்பட்டவர்களில் ஒரு பெண் எடைபோட்டாள். 1885இல் அது வங்க மொழியில் நூலாக வந்தது. தலைப்பு, ‘இங்கிலாந்தில் வங்கப் பெண்’. எழுதியவர் பெயர் அட்டையில் இல்லை.

இதற்கிடையே கல்கத்தாவில் திலோத்தமாவுக்குப் பத்து வயதில் கல்யாணம் முடித்துவிட்டார்கள். பெண் கல்வியைப் பற்றி எழுதிய தாயால் தன் மகளின் பால்ய விவாகத்தைத் தடுக்க முடியவில்லை. கடல் கடந்ததற்கு அந்தக் குடும்பம் கொடுத்த தண்டனையாகவே இது எனக்குப் படுகிறது. தந்தையும்தான் கடல் கடந்தார். பிள்ளையை விட்டுப் போன தகப்பன் என்று அவரை யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

இருபது ஆண்டுகள் கழித்துக் காற்று கொஞ்சம் திரும்பியது. 1906இல் அதியா ஃபைசி, மணமாகாத பெண், அரசு உதவித்தொகையில் ஆசிரியப் பயிற்சிக்காக லண்டன் போனார். பார்த்ததையெல்லாம் சகோதரிகளுக்கு எழுதினார். அந்தக் கடிதங்கள் லாகூரிலிருந்து வந்த ‘தஹ்ஸீப்-உன்-நிஸ்வான்’ என்ற உருதுப் பெண்கள் இதழில் தொடராக வெளியாயின. பர்தாவுக்குள் இருந்த வாசகிகள் வாசல் தாண்டாமலே லண்டன் போய்வந்தார்கள். 1908இல் அக்கா நஸ்லி பேகத்தோடு மறுபடி ஐரோப்பா போனார். நஸ்லியும் தன் பயணத்தை நூலாக்கினார்.

இவ்வளவுக்குப் பிறகும் இலக்கிய வரலாறு அதியாவைக் கவிஞர் இக்பாலின் தோழி என்றே அதிகம் நினைவில் வைத்திருக்கிறது. அவர் கடிதங்கள் 1921இல் அவர் பெயரோடே நூலாயின. 1912இல் அவரை மணந்த ஓவியர் சாமுவேல் ரஹமின், மனைவியின் குடும்பப் பெயரைத் தன் பெயரோடு சேர்த்து ஃபைசி ரஹமின் ஆனார்.